ஏரம்பன் கலட்டிக்கு ஒரு கையெழுத்து

பத்மாவதி: கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ. வாங்கு நீளமாத்தானே கிடக்கு.

கனகரத்தினம்: அங்காலை வெயில் அடிக்குது.

பத்மாவதி: இவ்வளவு வருசமும் நிழலுக்கைதானே இருந்தனீங்கள். கொஞ்சம் காயுங்கோ.

கனகரத்தினம்: இஞ்சை பார் பத்மா, சண்டை பிடிக்கவோ கூப்பிட்டனீ? போனிலை அழுதாய் எண்டுதான் வேலையையும் விட்டிட்டுப் பருத்தித்துறையிலையிருந்து ஓடி வந்தனான்.

பத்மாவதி: நான் அழேல்லை. தடிமன்.

கனகரத்தினம்: சரி, தடிமன்... காணி உறுதி எழுதுற நொத்தாரிசு எங்கை? கந்தோரிலை ஒரு குருவியையும் காணேல்லை.

பத்மாவதி: வழக்கு முடிஞ்சு கோட்டாலை வரோணுமாம். இருக்கச் சொன்னவை.

கனகரத்தினம்: உள்ளுக்கை ஆரோ இருமுற சத்தம் கேக்குது.

பத்மாவதி: அது காணி விசயமா வந்த ஆள். கனடாவாலை வந்தவராம்.

கனகரத்தினம்: கனடாவோ...? பேர் என்ன?

பத்மாவதி: எனக்கேன் பேர்?

கனகரத்தினம்: வாங்கிற ஆளின்ரை பேர் தெரியாமலோ காணி விக்கப் போறாய்?

பத்மாவதி: உங்களைக் கட்டேக்கை பேர், குலம், கோத்திரம், சாதகம் எல்லாம் தெரிஞ்சுதானே கட்டினனான். என்ன பிரயோசனம் வந்தது?

கனகரத்தினம்: இந்தியாவுக்குப் போயும் உந்த வாய் மாறேல்லை.

பத்மாவதி: அகதி முகாமிலை வாயைத் தவிர வேறை என்ன கிடந்தது எங்களிட்டை? அதையும் குடுத்திட்டு வரவோ?

தர்சிகா: அம்மா, இவர்தானோ நீங்கள் சொன்ன ஆள்?

பத்மாவதி: ஓம் பிள்ளை. இவர்தான்.

கனகரத்தினம்: நான்... சும்மா ஒரு துணைக்கு வந்தனான், தங்கச்சி.

தர்சிகா: துணைக்கோ? புருசன் வருவார் எண்டெல்லே அம்மா சொன்னவ. நான் இஞ்சை கிளாக்கரா இருக்கிறன், தர்சிகா. இஞ்சை பாருங்கோ ஐயா, அது அம்மாவின்ரை சீதனக் காணிதான். அம்மாவின்ரை பேரிலைதான் உறுதிப் பத்திரம். எண்டாலும் எங்கடை தேசவழமைச் சட்டப்படி புருசன் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்காமல் அவ விக்க ஏலாது. நீங்கள் புருசன்தானே?

கனகரத்தினம்: சேர் வரட்டும். அவரோடை கதைக்கிறன்.

தர்சிகா: அடையாள அட்டை கொண்டு வந்தனீங்களோ?

கனகரத்தினம்: மறந்து போனன்... வந்த அந்தரத்திலை.

தர்சிகா: பறவாயில்லை. தேத்தண்ணி குடிக்கிறியளோ ரெண்டு பேரும்?

பத்மாவதி: ஐயாவுக்குச் சீனி போட வேண்டாம், பிள்ளை.

கனகரத்தினம்: நான் இப்ப சீனி போட்டுத்தான் குடிக்கிறனான்.

பத்மாவதி: ம்... அவ போட்டுத் தாறவவாக்கும்.

கனகரத்தினம்: அந்தக் கதையை இஞ்சை எடுக்காதை. அந்தப் பிள்ளை சிரிக்குது.

பத்மாவதி: துணைக்கு வந்தனீங்களோ? கட்டின மனிசியைக் காட்டி "துணைக்கு வந்தனான்" எண்டு சொல்ல எப்பிடி நாக்குப் பிரண்டது?

கனகரத்தினம்: வெக்கம்தான், வேறை என்ன? வேறை ஒருத்தியோடை இருக்கிறவன்... நாலு பேருக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? விடு. எவ்வளவுக்குக் கேக்கிறாங்கள்?

பத்மாவதி: நல்ல விலைக்கு.

கனகரத்தினம்: நல்ல விலை எண்டால்?

பத்மாவதி: உங்கடை அம்மா உயிரோடை இருந்தால் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருப்பா. அப்பிடி ஒரு விலை. "கல்லுக் காணியைத் தந்து ஏமாத்திப் போட்டினம், ஏரம்பன் கலட்டியிலை புல்லும் முளையாது" எண்டு நான் உலை வைக்கிற நேரமெல்லாம் தொடங்குவாவே, நினைவிருக்கோ?

கனகரத்தினம்: அப்ப அது கலட்டிதானே. மண்வெட்டி போட்டாப் பொறி பறக்கும். பிறகு தொண்ணூறிலை ஆமி வேலி போட்டான், நாங்கள் சண்டிலிப்பாயிலை வந்து ஒண்டிக் கிடந்தம். பேருக்குத்தான் காணி. பலாலியிலை பிளேன் வந்து இறங்கும், சனம் சூட்கேசோடை வரும், கல்லுக்கும் விலை வரும் எண்டு ஆர் கண்டது?

பத்மாவதி: நீங்கள் கண்டனீங்கள்.

கனகரத்தினம்: என்ன?

பத்மாவதி: இல்லை... பருத்தித்துறையிலை நிண்டு மேலை பாத்தால் பிளேன் தெரியுமெல்லே. அதைச் சொன்னன்.

கனகரத்தினம்: பத்மா, நான் சொல்லுறதைக் கேள். இப்ப விக்கிறது விசர் வேலை. இப்ப சென்னைக்கு மட்டும்தான் பிளேன். நாளைக்கு வேறை நாட்டுக்கும் வரும். ஓடுபாதையை நீட்டப் போறாங்களாம். ஒழுங்கையெல்லாம் காப்பெற் றோட்டாகும். இண்டைக்கு ஒரு பரப்பு வாங்கிற காசுக்கு நாளைக்குக் கால் பரப்பும் வாங்க ஏலாது. கொஞ்சம் பொறு.

பத்மாவதி: ஓடுபாதையை நீட்டினால் பக்கத்துக் காணியளை அரசாங்கம் எடுத்துப் போடும் எண்டு சனம் பயப்படுகுது.

கனகரத்தினம்: அது மற்றப் பக்கம்.

பத்மாவதி: எந்தப் பக்கம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

கனகரத்தினம்: எல்லாரும்தான் கதைக்கினம். தேத்தண்ணிக் கடையிலை போய் இருந்து பார். ஒருத்தன் வடக்காலை நீட்டுறாங்கள் எண்டுவான், மற்றவன் கிழக்காலை எண்டுவான். தோட்டத்தை விட்டிட்டுப் பாதிப் பேர் காணிப் புரோக்கராப் போட்டினம். சண்டிலிப்பாய்ச் சிவசுப்பிரமணியத்தாரைத் தெரியுமெல்லே, எங்களுக்குப் பின்வளவு, பொயிலை நட்ட மனிசன்? இப்ப வெள்ளைச் சேட்டு, ரெண்டு போன்.

பத்மாவதி: ஓம். கண்டனான்.

கனகரத்தினம்: எங்கை? எப்ப?

பத்மாவதி: ஏன் துள்ளுறியள்? சந்தைக்குள்ளைதான் கண்டன். "அண்ணை சுகமோ" எண்டு கேட்டன். மனிசன் பேய் அடிச்ச மாதிரி நிண்டார். கையிலை இருந்த கத்தரிக்காய்ப் பை விழுந்து போச்சு.

கனகரத்தினம்: கன காலத்துக்குப் பிறகு கண்டதாலை இருக்கும்.

பத்மாவதி: நானும் அப்பிடித்தான் நினைச்சன்.

கனகரத்தினம்: என்ன சொன்னவர்?

பத்மாவதி: ஒண்டும் சொல்லேல்லை. பையையும் எடுக்காமல் போட்டார்.

தர்சிகா: இந்தாங்கோ தேத்தண்ணி. ஐயாவுக்குச் சீனி போட்டது. சேர் கோட்டாலை வெளிக்கிட்டிட்டாராம்.

கனகரத்தினம்: பிந்தினாலும் பறவாயில்லை, தங்கச்சி. எனக்கு அவசரமில்லை... உனக்கேன் பத்மா இந்த அவசரம்? வந்து இன்னும் ஒரு மாசம் ஆகேல்லை.

பத்மாவதி: கஜானிக்கு. உங்கடை மகளுக்கு.

கனகரத்தினம்: அவள் எப்பிடி இருக்கிறாள்?

பத்மாவதி: அப்பாடா. இப்பவெண்டாலும் கேட்டியள்.

கனகரத்தினம்: கேக்கத்தான் இருந்தனான்...

பத்மாவதி: முகாமிலையே கட்டினவள். மாப்பிள்ளை பெயின்ற் அடிக்கிறவன், நல்ல பெடியன். சாரத்திலையிருந்து விழுந்து இடுப்பு முறிஞ்சு கிடக்கிறான். ரெண்டு பிள்ளையள். சீதனம் எண்டு ஒரு குண்டுமணி குடுக்கேல்லை நான். தாயின்ரை சீதனம் பெட்டைக்குத்தானே? பாதியை வித்து, மற்றப் பாதியிலை ஒரு சின்ன வீடு கட்டி அவையளைக் கூப்பிடோணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அந்தக் கலட்டியை நம்பித்தான் வந்தனான்.

கனகரத்தினம்: காணிக்குப் போய்ப் பாத்தனியோ?

பத்மாவதி: இல்லை.

கனகரத்தினம்: போகாதை, சொல்லிப் போட்டன். ஒரே பத்தை. கண்ணிவெடி இன்னும் கிடக்காம். ஆமியும் பேசுவான். நானே பிறகு ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன்.

பத்மாவதி: பிளேனிலை இருந்து பாத்தனான். இறங்கேக்கை ஜன்னல் பக்கம்தான் இருந்தன்.

கனகரத்தினம்: என்னத்தைப் பாத்தனீ?

பத்மாவதி: ஒரு பச்சைத் தகரக் கூரை. சுத்திவரப் புது மதில். கிணறு எங்கடை கிணறு மாதிரிக் கிடந்தது.

கனகரத்தினம்: மேலையிருந்து பாத்தால் எல்லாக் கிணறும் வட்டம்தான். அது பக்கத்துக் காணியா இருக்கும்.

பத்மாவதி: இருக்கும். போகேக்கை வள்ளத்திலை, ராவிலை, வாந்தி எடுத்து எடுத்துப் போனனாங்கள், நானும் பிள்ளையும். "நீங்கள் முன்னாலை போங்கோ, நான் அடுத்த வள்ளத்திலை வாறன்" எண்டனீங்கள். வரேக்கை பிளேனிலை வாறன், அதுவும் என்ரை காணிக்கு மேலாலை. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்திலை இருந்த பெட்டை ஒரு மாதிரிப் பாத்தது.

கனகரத்தினம்: அந்த அடுத்த வள்ளம்... அப்ப நிலைமை தெரியும்தானே.

பத்மாவதி: தெரியும். இறங்கி வெளியிலை வந்தன். வாசலிலை வான்காரர் நிண்டினம். அதிலை ஒராள் ஓடி வந்து என்ரை பயணப் பாக்கிலை கையை வைச்சார். "எங்கை போகோணும் அம்மா? என்ரை வானிலை வாங்கோ, மலிவாக் கொண்டுபோய் விடுறன்" எண்டார்.

கனகரத்தினம்: வான்காரங்கள் அப்பிடித்தான், ஆளை விடாங்கள்...

பத்மாவதி: தலைக்குக் கறுப்படிச்சிருந்தார். நீலச் சேட்டு. இடக் கையிலை வேலிக்குக் கதியால் வெட்டேக்கை பட்ட தழும்பு. "வேண்டாம் ஐயா" எண்டன். என்ரை குரலும் உங்களுக்குத் தெரியேல்லை.

கனகரத்தினம்: பத்மா... அது நீயோ?

பத்மாவதி: "அம்மா" எண்டு கூப்பிட்டியள். அண்டைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கேல்லை. விட்டிட்டுப் போனது, வேறை ஒருத்தியோடை இருக்கிறது, உதெல்லாம் கேள்விப்பட்டுப் பழகிப் போச்சு. ஆனால் கிட்ட நிண்டு முகத்தைப் பாத்து "அம்மா" எண்டியளே. அது நொந்தது.

கனகரத்தினம்: நீ நல்லா மெலிஞ்சு போனாய். தலையும் நரைச்சு... வெயிலும் கண்ணுக்கை அடிச்சது. நான் என்ன வேணுமெண்டோ...

பத்மாவதி: வான் புதுசு போலை. பளபளவெண்டு நிண்டுது.

கனகரத்தினம்: அது... வேறை ஆற்றையோ வான். நான் சம்பளத்துக்கு ஓடுறனான்.

பத்மாவதி: "என்ரை வான்" எண்டெல்லே சொன்னனீங்கள்?

கனகரத்தினம்: வாயிலை வாறதுதானே! இப்ப என்ன, என்னைக் குறுக்கு விசாரணை செய்யவோ கூப்பிட்டனீ? சரி, பிழைதான். வள்ளத்திலை வராதது பிழை. அவளோடை இருந்ததும் பிழை. உனக்கு ஒரு வீடு வாடகைக்கு எடுத்துத் தாறன். மாசம் மாசம் ஏதும் தாறன். கஜானியையும் கூப்பிடு. காணியை மட்டும் இப்ப தொடாதை. காணிக் கந்தோர், நொத்தாரிசு எண்டு ஒரு இடமும் ஏறி இறங்காதை.

பத்மாவதி: ஏன்?

கனகரத்தினம்: நான் சொல்லுறன்.

பத்மாவதி: நீங்கள் ஆர் சொல்ல?

கனகரத்தினம்: ஆரோ? நான் உன்ரை புருசன்.

பத்மாவதி: என்ன? பஸ்காரன் கோன் அடிச்சதிலை கேக்கேல்லை.

கனகரத்தினம்: நான் உன்ரை புருசனடி! ஊரறியத் தாலி கட்டினவன்! நீ பத்மாவதி, என்ரை மனிசி! காணுமோ? இன்னும் பலமாக் கத்தவோ?

தர்சிகா: ஐயா, மெதுவா... உள்ளுக்கை இருக்கிறவருக்கும் கேக்குது.

பத்மாவதி: கேக்கட்டும், பிள்ளை.

தர்சிகா: அப்ப ஐயா சம்மதமோ? சேர் வந்த கையோடை எழுதலாமோ?

கனகரத்தினம்: இல்லை, தங்கச்சி. எனக்குக் கையெழுத்துப் போட ஏலாது.

தர்சிகா: விருப்பமில்லையோ? ஏலாதோ?

கனகரத்தினம்: ஏலாது... நீ கொஞ்சம் உள்ளை போ, பிள்ளை. நாங்கள் கதைக்கோணும்.

பத்மாவதி: போய் அவரோடை இரம்மா. நான் கூப்பிடுறன்... சொல்லுங்கோ இப்ப. ஏன் ஏலாது?

கனகரத்தினம்: அது ஒரு சட்டச் சிக்கல். உனக்கு விளங்காது.

பத்மாவதி: நான் சொல்லட்டோ? செத்துப்போன மனிசிக்குப் புருசன் சம்மதம் எழுத ஏலாது. தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ.

கனகரத்தினம்: ஆர்... ஆர் உனக்குச் சொன்னது?

பத்மாவதி: காணிக்குப் போகேல்லை எண்டது பொய். வந்த மற்ற நாளே போனனான். பச்சைத் தகரத்துக்குக் கீழை மேசன்மார் நிண்டாங்கள். ஆற்றை காணி எண்டு கேட்டன். கனடாக்காரர் ஒராள் வாங்கினவர், எயாப்போட்டுக்கு வாற சனம் தங்க ஹோட்டல் கட்டுறார் எண்டாங்கள். ஆரிட்டை வாங்கினவர் எண்டன். "காணிக்காரி சண்டைக்குள்ளை செத்துப்போனா அம்மா. பாவம், பிள்ளை குட்டியும் இல்லை. புருசன்தான் வித்தவர்" எண்டான் ஒருத்தன். என்னை இருக்கச் சொல்லிப் போட்டுத் தண்ணி அள்ளித் தந்தான். என்ரை கிணத்துத் தண்ணி.

கனகரத்தினம்: பத்மா, உன்னைக் கும்பிடுறன், மெதுவாக் கதை. உள்ளுக்கை ஆள்...

பத்மாவதி: அந்த ஆள்தான். அவர் என்னட்டைக் காணி வாங்க வந்தவர் இல்லை. உங்களிட்டை வாங்கினவர். சிவசுப்பிரமணியத்தாரை இடையிலை விட்டு வித்தபடியாலை நீங்கள் ரெண்டு பேரும் முகம் கண்டதில்லை. "நீங்கள்தான் பத்மாவதி எண்டு நான் எப்பிடி நம்பிறது? உங்கடை புருசன் என்ரை காது கேக்கச் சொல்லட்டும்" எண்டார். அதுக்குத்தான் கூப்பிட்டனான். கையெழுத்துக்கு இல்லை. உள்ளை போன பிள்ளைக்கும் எல்லாம் தெரியும்.

கனகரத்தினம்: ஐயோ... நான் கத்தினது...

பத்மாவதி: வடிவாக் கத்தினனீங்கள். தாலியையும் சேர்த்து.

கனகரத்தினம்: நீ இனி வரமாட்டாய் எண்டு நினைச்சன், சத்தியமா. ஒரு கடிதமில்லை, ஒரு போனில்லை...

பத்மாவதி: நம்பரை மாத்தினது நீங்கள். புது நம்பரை இஞ்சை வந்த பிறகுதான் தேடி எடுத்தனான்.

கனகரத்தினம்: எயாப்போட் திறந்தவுடனை புரோக்கர்மார் படலையைத் தட்டத் தொடங்கியிட்டாங்கள். "மனிசி இல்லாத காணி சும்மா கிடந்து என்ன, ஒரு மரண அத்தாட்சி எடுத்தால் சரி" எண்டாங்கள். இஞ்சை அவளின்ரை பெடியள் பள்ளிக்கூடத்துக்குக் காசில்லாமல்... நானும் மனிசன்தானே.

பத்மாவதி: இஞ்சை பாருங்கோ. நான் உயிரோடை இருந்தால், என்ரை காணியை உங்கடை கையெழுத்தில்லாமல் நான் விக்க ஏலாது. செத்தால், என்ரை கையெழுத்தில்லாமல் நீங்கள் விக்கலாம். அப்ப என்னைச் சாக்காட்டுறதுதானே உங்களுக்கு லேசு? அதை விடுங்கோ. நானும் உங்களை மனசுக்கை எத்தினையோ தரம் எரிச்சிருப்பன். கஜானியை என்ன செய்தனீங்கள்? பிள்ளையே பிறக்கேல்லை எண்டு எழுதிக் குடுத்தியளே. அவள் பிறக்கிற நேரம் ஷெல் அடிக்குள்ளாலை சைக்கிளிலை போய் மருத்துவிச்சியை ஏத்திக்கொண்டு வந்தனீங்கள். அந்த மனிசனை நான் இண்டைக்கும் மறக்கேல்லை. எங்கை போனார் அவர்?

கனகரத்தினம்: பிள்ளை இருக்கெண்டால் விக்க விடமாட்டாங்கள், பத்மா. தாயின்ரை காணி பிள்ளைக்குத்தான் போகும்.

பத்மாவதி: ஓம். அதைத்தான் நானும் சொல்லுறன்.

கனகரத்தினம்: இப்ப என்ன செய்யப் போறாய்? பொலிசோ, வழக்கோ?

பத்மாவதி: அது நொத்தாரிசு வந்து சொல்லுவார். உள்ளுக்கை இருக்கிறவருக்கு என்னிலும் கூடக் கோவம். எனக்குத் தெரிய வேண்டியது வேறை ஒண்டு.

கனகரத்தினம்: கேள்.

பத்மாவதி: நான் செத்ததை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம். மேசன் சண்டைக்குள்ளை எண்டான். கனடாக்காரர் வள்ளம் கடலிலை தாண்டு செத்தன் எண்டு கேள்விப்பட்டவராம். எழுதிக் குடுத்தது நீங்கள். நான் எப்பிடிச் செத்தன்?

கனகரத்தினம்: விடு பத்மா. உது ஏன் இப்ப...

பத்மாவதி: விடமாட்டன். என்ரை சா. எனக்குத் தெரியோணும். எப்பிடிச் செத்தன்?

கனகரத்தினம்: ...நித்திரையிலை. ஒரு நோக்காடும் இல்லை, விடிய எழுப்பேக்கை போயிருந்தாய் எண்டு சொன்னனான். ஷெல் எண்டு சொல்லு, அலுவல் கெதியா முடியும் எண்டுதான் எல்லாரும் சொன்னவை... உனக்கு அப்பிடிச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை.